இடப்பக்கத்தால் திறந்த புத்தகம்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அச்சில் போடுகிறவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன் என்பதால் இந்த விஷயத்தை இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

இது 2019ஆம் ஆண்டு வைகாசி மாதம், மட்டக்களப்பு வாவிக்கரையில் நடந்தது.

என் வீடு வாவிக்கு மேற்கே படுவான்கரையில். வேலை செய்வது கிழக்கே காத்தான்குடியில், ஒரு ஜப்பான் சாமான் கடையில். ஜப்பானில் ஆட்கள் பாவித்துக் கழித்த சைக்கிள், தையல் மெசின், கதிரை, அலுமாரி, பீங்கான் கோப்பை எல்லாம் கொண்டெய்னரில் மொத்தமாக வந்து இறங்கும். மரச்சாமான்களைத் திருத்துவது என் வேலை. ஆடுகிற கதிரைக்குக் கால் இறுக்குவேன். இழுபடாத லாச்சியை, அதுதான் இழுப்பறையை, சீவி விடுவேன். மரம் நம்மிடம் கேள்வி கேட்காது என்பதால் எனக்கு அந்த வேலை பிடிக்கும்.

கடை முதலாளி என்னைவிட வயதில் மூத்தவர். நான் பேசாததற்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. வந்த சாமானுக்குள் யாருடைய சொந்தப் பொருளாவது தவறிக் கிடந்தால் அதை விற்கவும் மாட்டார், எறியவும் மாட்டார். "ஆருட அமானிதமோ" என்று சொல்லி ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு வைப்பார். நம்பி ஒப்படைத்த பொருளை அவர்கள் அமானிதம் என்பார்கள். அதற்கு மறுமையில் கணக்குச் சொல்ல வேண்டுமாம். அப்படிச் சேர்ந்ததில் கலியாணப் படங்கள், ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு பல்செட்டு எல்லாம் இருந்தன. "பல்லத் தேடி ஜப்பான்காரன் வருவானா முதலாளி?" என்று கடைக்கு வந்த ஒருவர் ஒருநாள் கேட்டார். "வந்தா சிரிச்சிக்கிட்டுப் போகட்டுமே" என்றார் இவர்.

ஒருமுறை வந்த சாமான்களில் உயரம் குறைந்த, அகலமான ஒரு அலுமாரி இருந்தது. கண்ணாடி இல்லை, உடுப்புத் தொங்கவிடக் கம்பி இல்லை, முழுக்க லாச்சிகள்தான். அதனால் யாரும் வாங்கவில்லை. ஆனால் அதைச் செய்தவரின் கையை நான் கும்பிடுவேன். ஒரு லாச்சியைத் தள்ளி மூடினால் இன்னொரு லாச்சி தானாக மெல்ல வெளியே வரும். காற்றுக்குக்கூட இடம் விடாமல் அவ்வளவு பொருத்தமாகச் செய்திருந்தார்கள். அதன் அடி லாச்சியில், பழுப்பேறிய தாள் விரித்த இடத்தில், நீலத் துணியில் சுற்றியபடி இரண்டு புத்தகங்கள் கிடந்தன.

மெல்லிய புத்தகங்கள். நூலால் தைத்திருந்தது. தாள் வெங்காயச் சருகு போல, அங்கங்கே பூச்சி அரித்த ஓட்டைகளோடு. எழுத்து கூரைத் தண்ணீர் வடிவது போல மேலிருந்து கீழே இறங்கியது. ஆனால் படம் வாசிக்கப் படிப்பு வேண்டாமே. ஒரு புத்தகம் முழுக்க ஒரே ஒரு மனிதர். ஒரு பக்கத்தில் கவசமும் கொம்பு வைத்த தலைக்கவசமும் மீசை வைத்த இரும்பு முகமூடியும் போட்டு, இடுப்பில் வாளோடு நிற்கிறார். இன்னொரு பக்கத்தில் பெட்டி மேல் குந்தி, புல்லால் பின்னிய செருப்பின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு பக்கத்தில் தோளில் நீளத் துணிப் பை. அதில் வேளைக்கு ஒரு முடிச்சாகச் சோறு கட்டியிருப்பது எனக்குப் பார்த்ததும் விளங்கியது. இன்னொரு பக்கத்தில் வெறும் கோவணத்தோடு நிற்கிறார்.

"இதுதான் தம்பி சாமுராய் எண்டு சொல்றது. ஜப்பான்ட பழைய சண்டைக்காரன்" என்றார் முதலாளி. அவர் வலப்பக்கத்தால் தொடங்கும் குர்ஆனை ஓதிப் பழகியவர். கை தானாக வலப்பக்கத்தால் புத்தகத்தைத் திறந்தது.

"பாருங்க, வெளிக்கிர்றான். முதல்ல கோவணம். மறுகா சட்ட, மறுகா காலுக்குத் தகடு. கடைசில வாளு, முகமூடி, கொம்பு."

நான் பார்த்தது அப்படி இல்லை. நான் தமிழ்ப் புத்தகத்தைத் திறப்பது போல இடப்பக்கத்தால் திறந்து பார்த்திருந்தேன். அதனால் கூச்சத்தை விட்டுச் சொன்னேன்.

"இல்ல முதலாளி. இவர் சண்ட முடிஞ்சி வீட்ட வந்து எல்லாத்தையும் கழட்டுறார்."

"அப்ப ஏன் கடைசில கோவணத்தோட நிக்கிறான்?"

"குளிக்கப் போறார்."

அவர் சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று விழுந்தது. அதற்குப் பிறகு வியாபாரம் இல்லாத மத்தியான நேரங்களில் அது எங்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டாகிவிட்டது. "என்ன தம்பி, உங்கட ஆள் குளிச்சி முடிச்சிட்டானா?" என்பார். "உங்கட ஆள் இன்னும் வெளிக்கிட்டு முடியல்லையா?" என்பேன். நான் ஒரு மனிதரோடு பகிடி பேசியது என் வாழ்க்கையில் அதுதான் அதிகம்.

இரண்டாவது புத்தகத்தில் மனிதரே இல்லை. பக்கத்துக்குப் பக்கம் வாள், ஈட்டி, வில், அம்பு முனை. ஒவ்வொன்றையும் பகுதி பகுதியாகக் கழற்றி வரைந்திருந்தது. அதை நாங்கள் அதிகம் பார்க்கவில்லை. இரண்டையும் நீலத் துணியில் சுற்றி, கிடந்த இடத்திலேயே வைத்தோம். தகரத்துக்குள் வைத்தால் மடிந்துவிடும் என்று முதலாளிதான் சொன்னார்.

பிறகு அந்த ஏப்ரல் வந்தது. ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. எங்கள் மட்டக்களப்பிலும் உயிர்கள் போயின, பிள்ளைகளும் போனார்கள். அதைப் பற்றி எழுத எனக்குச் சக்தி இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் இருந்த விதத்தை மட்டும் சொல்கிறேன். குண்டு வைத்தவர்கள் முஸ்லிம் ஆட்கள் என்று தெரிந்ததும் கடைக்குத் தமிழ்ச் சனம் வருவது நின்றது. என் ஊரில், "இன்னும் அங்கயா வேலைக்குப் போறாய்?" என்று கேட்டார்கள். என் மனைவி வாயால் கேட்கவில்லை, ஆனால் காலையில் சாப்பாட்டுப் பார்சலைக் கையில் தராமல் மேசையில் வைத்தாள். நான் போனேன். முதலாளி எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

வீடு வீடாகத் தேடுதல் நடந்தது. வாள், பெரிய கத்தி வைத்திருப்பவர்கள் ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். வீட்டில் இருந்த ஓதுகிற கிதாபுகளைக்கூட என்ன செய்வது என்று தெரியாமல் சனம் தடுமாறியது. எதையோ கிணற்றில் போட்டார்கள், எதையோ வாவியில் போட்டார்கள் என்று ஒவ்வொரு நாளும் ஒரு கதை. நோன்பு மாதம் வேறு. ஒருநாள் மத்தியானம், அடுத்தநாள் எங்கள் கடைத் தெருவைத் தேடப்போகிறார்கள் என்று கதை வந்தது. முதலாளி எழும்பிப் போய் அந்த அடி லாச்சியை இழுத்தார்.

"தம்பி, இத நாங்க மறந்தே போயிட்டம்."

இரண்டு பேரும் அந்த நீலத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வலப்பக்கத்தால திறக்கிற புத்தகம். ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து. உள்ளுக்க வாளு. கிடக்கிறது என்ட கடைக்குள்ள. நான் என்னத்தச் சொல்லி ஆர நம்ப வெக்கிற?" என்றார். எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர், அன்று எனக்கே கேட்காத அளவில் பேசினார்.

எரிக்கலாமா என்று யோசித்தோம். புகை எழுந்தால் என்ன எரிக்கிறாய் என்று வருவார்கள். புதைக்கலாமா என்றால் புதிய மண் கிளறிய இடத்தைத்தான் முதலில் தோண்டுகிறார்களாம். கடைசியில் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்: "நீங்க பாதையில போகக்குள்ள நடு வாவியில போட்டிருங்க. அமானிதந்தான். அல்லாஹ் மன்னிக்கணும். நான் புள்ளகுட்டிக்காரன்."

பாதை என்பது எங்கள் பக்கத்தில் சனத்தையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. குருக்கள்மடத்தில் ஏறி அக்கரையில் இறங்கினால் என் ஊர்ப் பக்கம். நான் தினமும் போய்வருகிற வழி. தமிழனான என்னை அவ்வளவு சோதிக்க மாட்டார்கள் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். தாள் மிதக்குமே என்று, கடைப் பின்பக்கத்தில் கிடந்த அரைச் செங்கல்லை எடுத்து, புத்தகச் சுற்றோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கி, உரப்பைக்குள் போட்டு, சைக்கிள் கரியரில் கட்டினேன். ஒரு வேலையைத் திருத்தமாகச் செய்யும் என் பழக்கம் அன்று எனக்கே எதிரியானது. அந்தக் கல் இல்லாவிட்டால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

தெற்கே போகிற வீதியில் மிதித்தேன். வழியில் இருந்த சோதனையில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். மனப்பாரம் கொஞ்சம் இறங்கியது. குருக்கள்மடத்தில் துறைக்குத் திரும்புகிற வளைவில்தான் கண்டேன். காலையில் இல்லாத ஒரு தடை. மண்மூட்டை, முட்கம்பி, வரிசையில் சனம். ஒவ்வொருவருடைய பையையும் அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பிப் போகலாம் என்று கால் சொன்னது. ஆனால் நான் யுத்த காலத்தில் இளந்தாரியாக இருந்தவன். சென்றி என்கிற காவலரணைக் கண்டு திரும்புகிறவனைத்தான் முதலில் கூப்பிடுவார்கள் என்பது எங்களுக்குப் பள்ளிக்கூடம் போகாமலே தெரிந்த பாடம். கை இரண்டும் வெளியே தெரியும்படி சைக்கிளை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு கிழங்குப் பை, ஒரு பிள்ளையின் பால்மா, ஒரு வலை. பிறகு நான்.

சோதித்த சிப்பாய் இளம் பொடியன். தலைக்கவசமும் நெஞ்சுக் கவசமும் போட்டு, அந்த வெயிலில் வியர்வை நாடியால் வழிந்துகொண்டிருந்தது. "என்ன பையில?" என்றார். புத்தகம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் பையைக் கவிழ்த்தார். சுற்று மணலில் விழுந்து, கயிறு நெகிழ்ந்து, செங்கல் உருண்டு அவருடைய சப்பாத்தில் பட்டு நின்றது.

எனக்குப் பின்னால் நின்றவர்கள் சைக்கிளைப் பின்னுக்கு இழுக்கும் சத்தம் கேட்டது. வரிசையில் என் ஊர்ப் பெண் ஒருத்தி நின்றாள். என்னைப் பார்த்தாள், பிறகு வாவியைப் பார்த்தாள்.

சிப்பாய் கல்லைப் பார்த்தார், துணியை அவிழ்த்தார். மேலே இருந்தது அந்த மனிதர் உள்ள புத்தகம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையல் வலப்பக்கம் இருப்பதைக் கண்டதும் அவருடைய முகம் மாறியது. வலப்பக்கத்தால் திறந்தார். கோவணம், சட்டை, காலுக்குத் தகடு, கைக்குத் தகடு, நெஞ்சுக்குக் கவசம், வாள், முகமூடி, கொம்பு. முதலாளி சொன்னபடியே அந்த மனிதர் சண்டைக்கு வெளிக்கிட்டு முடித்தார். சிப்பாய் மற்றவரைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அதில் எனக்கு விளங்கியது ஒரே ஒரு சொல், "அரபி."

பாதை என்னை விட்டுவிட்டுப் புறப்பட்டது. அதன் இயந்திரச் சத்தம் தூரப் போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

என்னை மண்மூட்டைக் கொட்டிலுக்குள் இருத்தினார்கள். புத்தகங்களும் செங்கல்லும் ஒரு மேசையில். பெரியவர் வரும்வரை இருக்கச் சொன்னார்கள். என் தலைக்குள் ஒன்றுதான் ஓடியது. எங்கே எடுத்தாய் என்று கேட்பார்கள். கடை என்று சொன்னால் முதலாளி போய்விடுவார். சொல்லாவிட்டால் நான் போய்விடுவேன். நான் போனாலும் என்னைத் தேடி வருகிறவர்கள் கடைக்குத்தான் போவார்கள். பொய் சொல்லலாம் என்றால் எனக்கு உண்மையையே தடுக்கிக்கொண்டுதான் சொல்லத் தெரியும்.

ஜீப்பில் ஒருவர் வந்து இறங்கினார். தோளில் நட்சத்திரம் இருந்தது. தமிழ் கொஞ்சம் தெரிந்தவர். இளம் சிப்பாய் கடைசித் தாள்வரை பார்த்துவிட்டு, பின்னட்டை மேலே இருக்கும்படி புத்தகத்தை வைத்திருந்தார். அப்படி வைத்தால் தையல் இடப்பக்கம் வரும். நம் புத்தகம் போலவே தெரியும். பெரியவருடைய கை மேசைக்கு மேலே வந்தபோது நான் மூச்சை விடவில்லை. அவர் இடப்பக்கத்தால் திறந்தார்.

கொம்பும் முகமூடியும் வாளுமாக அந்த மனிதர் நின்றார். பெரியவர் கண்ணைச் சுருக்கினார்.

"யார் இது?"

"ஜப்பான், சேர்."

"என்ன செய்யுது?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. எத்தனையோ மத்தியானம் சொல்லிப் பழகிய பதில்.

"கழட்டுறார், சேர்."

அவருக்கு விளங்கவில்லை. என்னிடம் சிங்களம் இல்லை. எப்படி எழும்பினேன் என்று எனக்குத் தெரியாது. எழும்பி நின்று, தலையிலிருந்து ஒரு பாரத்தைத் தூக்கி இறக்குவது போலக் காட்டினேன். அவர் தாளைப் புரட்டினார். படத்தில் தலைக்கவசம் இல்லை. நான் முகமூடியை எடுத்தேன். அடுத்த தாளில் முகமூடி இல்லை. வாளை உருவாமல், அப்படியே இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கீழே வைத்தேன். நெஞ்சுக் கவசத்தின் கயிற்றை அவிழ்த்தேன். சோற்றுப் பையை இறக்கினேன். குந்தி, செருப்புக் கயிற்றைத் தளர்த்தினேன். கலியாண வீட்டில் போட்டோ எடுக்கவே பின்னால் ஒளிகிறவன் நான். அன்று துவக்கு வைத்திருந்தவர்கள் முன்னால் ஆடிக்காட்டினேன். கொட்டிலில் தாள் புரளுகிற சத்தம் மட்டும்.

இளம் சிப்பாய் சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். பெரியவர் என்னைப் பார்த்து, "இவனுக்கும் கழட்ட வேணுமாம்" என்றார்.

கடைசித் தாளில் கோவணம்.

"பிறகு?"

"குளிக்கப் போறார், சேர்."

அவருடைய வாயின் ஒரு ஓரம் அசைந்தது. நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நேரத்தில்தான் அவருடைய கை இரண்டாவது புத்தகத்துக்குப் போனது.

வாள். வாளின் பிடி. வாளின் உறை. ஈட்டி. அம்பு முனை. எந்தப் பக்கத்தால் திறந்தாலும் வாள் வாள்தான். சிரிப்பு நின்றுவிட்டது. அவர் செங்கல்லை எடுத்து அந்தப் புத்தகத்தின் மேல் வைத்தார்.

"இதுவும் குளிக்கப் போறதா?"

அவர் செங்கல்லை விரலால் தட்டினார்.

"கல் ஏன்?"

"வாவியில போட, சேர்."

"ஏன் வாவியில போட?"

"பயம், சேர்."

"நீ தமிழ்தானே. உனக்கு என்ன பயம்?"

அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. கடை, அலுமாரி, அடி லாச்சி, வாசிக்கத் தெரியாத எழுத்து, எறிய மனமில்லாமல் வைத்திருந்த மனிதர், எல்லாவற்றையும் தடுக்கித் தடுக்கிச் சொன்னேன். முதலாளி முஸ்லிம் என்று சொல்லும்போது அவருடைய கையைப் பிடித்துக் கொண்டுவந்து அந்த மேசையில் வைத்தது போல இருந்தது. பெரியவர் கடை இருக்கும் இடத்தைக் கேட்டார். புத்தகங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நாளைக்கு நான் வாறது. அந்த அலுமாரி அங்க இருக்க வேணும். சொன்னது பொய் எண்டா..." என்று நிறுத்தினார். அடையாள அட்டையைத் திருப்பித் தந்தார். செங்கல்லையும் தந்தார்.

அடுத்த பாதை துறையில் நின்றது. ஏறினால் வீடு. நான் சைக்கிளை வந்த வழிக்கே திருப்பினேன். போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் முதலாளி வீட்டுக்குப் போய்ச் சேரவும் நோன்பு திறக்கிற பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. முதலாளி ஒரு பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்திருந்தார். நான் சொல்லி முடியும்வரை அந்தப் பழம் கையிலேயே இருந்தது. ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"நீங்க உள்ளதத்தானே சொன்னீங்க" என்றார். பிறகு, "முதல்ல கஞ்சியக் குடிங்க தம்பி. வெறும் வயித்துல பயத்த வெச்சிரிக்கக் கூடாது" என்று தன் கோப்பையை என் பக்கம் தள்ளினார். உள்ளே அவருடைய மனைவி அழுவது கேட்டது. மகனை எங்காவது அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரையும் எங்கும் அனுப்புவதில்லை என்று முதலாளி சொன்னார். ஓடினால் பொய் என்று ஆகிவிடும்.

அடுத்தநாள் காலை கடையைத் திறந்து வைத்துவிட்டு இருவரும் நின்றோம். அலுமாரியை முன்னால் இழுத்து வைப்போமா என்று கேட்டார். கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்றேன். முதலாளி தொப்பியைக் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் திரும்பப் போட்டார். மறுபடியும் கழற்றினார். எது நல்லது என்று அவருக்குத் தெரியவில்லை. ஜீப் வந்து நின்றபோது தொப்பி அவருடைய தலையில்தான் இருந்தது.

பெரியவரும் இளம் சிப்பாயும் இன்னும் இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். எதிர்க் கடைக்காரர்கள் கதவை அரைவாசி சாத்திவிட்டுப் பார்த்தார்கள். பெரியவர் யாரோடும் பேசாமல் அலுமாரியிடம் போனார். மேல் லாச்சி கொஞ்சம் திறந்திருந்தது. அதைக் கையால் தள்ளி மூடினார்.

அடி லாச்சி தானாக வெளியே வந்தது.

பின்னால் நின்றவர் துவக்கைத் தூக்கிவிட்டார். முதலாளி கண்ணை மூடினார். "காத்து, சேர்! காத்து!" என்று நான் கத்தினேன். என் வாயிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. பெரியவர் கையை உயர்த்தி மற்றவரை நிறுத்தினார். மேல் லாச்சியை மறுபடி இழுத்துத் தள்ளிப் பார்த்தார். அடி லாச்சி இன்னும் கொஞ்சம் வந்தது. அவர் குனிந்தார்.

நாங்கள் இருவரும் அதுவரை கவனிக்காத ஒன்றை அவர் கண்டார். லாச்சியில் விரித்திருந்த தாள் முழுக்கப் பழுப்பு. நடுவில் மட்டும் ஒரு நீள்சதுரம் வெள்ளையாக இருந்தது. எங்கள் கடைக்கு வரும் முன்பே எத்தனையோ வருடம் ஏதோ ஒன்று அசையாமல் அந்த இடத்தில் கிடந்திருக்கிறது.

அவர் கையை நீட்டினார். இளம் சிப்பாய் நீலத் துணிச் சுற்றைக் கொடுத்தார். பெரியவர் அதை மெதுவாக அந்த வெள்ளை இடத்தில் இறக்கினார். ஒரு நூல் கூட வெளியே போகவில்லை. ஓரத்துக்கு ஓரம் சரியாகக் குந்தியது.

பிறகு லாச்சியை அடைத்தார். புத்தகங்கள் உள்ளே போய்விட்டன. அப்போதுதான் முதலாளி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

முதலாளி பதறி ஓடிப்போய்ச் செவ்விளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். பெரியவர் அதைப் பார்த்தார், முதலாளியின் காய்ந்த உதட்டைப் பார்த்தார். "நீங்க நோன்பு. எனக்கும் வேணாம்" என்றார். வாசலில் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். கடைசியாக ஏறிய இளம் சிப்பாய் என் பக்கம் திரும்பினார். தலையிலிருந்து எதையோ தூக்கி இறக்குவது போலக் கையால் காட்டினார். நான் ஆடிக்காட்டியது போலவே. பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். நான் அப்படியே ஒரு கதிரையில் இருந்துவிட்டேன். அதுவும் நான் இன்னும் திருத்தாத கதிரை.

அதற்குப் பிறகு சில வருடம் கழித்து, ஜப்பானில் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி லீவில் வந்திருந்தாள். அவளைக் கடைக்குக் கூட்டிப்போய்ப் புத்தகத்தைக் காட்டினேன். இது பழைய எழுத்து, எனக்கு விளங்காது மாமா என்றாள். ஆனால் படங்களின் ஓரத்தில் இருந்த இலக்கங்களை வாசித்தாள். ஒன்று என்ற இலக்கம் கோவணத்தில் இருந்தது. அங்கே பழைய புத்தகம் எல்லாம் வலப்பக்கத்தால்தான் தொடங்குமாம். சண்டைக்குப் போகிறவர் எதை முதலில் உடுத்த வேண்டும், எதைப் பிறகு கட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிற புத்தகமாம்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. முதலாளி சொன்னதுதான் சரி. நான் அந்தப் பெரியவருக்குச் சொன்னது பிழை. முதலாளி வழக்கம்போலச் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"உடுத்தவன் ஒருநாளைக்குக் கழட்டத்தானே வேணும் தம்பி. அண்டைக்கி அவனும் உங்கட பக்கத்தாலதான் திருப்பணும்" என்றார்.

அலுமாரி இன்றைக்கும் கடையில்தான் இருக்கிறது. கேட்டு வந்தவர்களுக்கு, அது விற்கிறதுக்கு இல்லை என்கிறார். நானும் இன்றைக்கும் பாதையில்தான் வந்து போகிறேன். எங்காவது வெயிலில் ஒரு சிப்பாய் நிற்பதைக் கண்டால் முன்பெல்லாம் என் கண் துவக்குக்குத்தான் போகும். இப்போது தலைக்கவசத்தின் வாரைப் பார்க்கிறேன். அது நாடியில் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது, வீட்டுக்குப் போய் அதைக் கழற்ற அவருக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று யோசிக்கிறேன். படித்தவர்கள் அந்தப் புத்தகத்தை வலப்பக்கத்தால் திறந்து வாசிக்கட்டும், அதுதான் சரி. எனக்கு மட்டும் அந்த மனிதர் எப்போதும் வீட்டுக்கு வந்து, ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு, குளிக்கத்தான் போய்க்கொண்டிருக்கிறார்.

எழுதி முடித்த திகதி: 18.08.2024